அகழிக் கத்தியும் தஞ்சைக் கட்டாரியும்

முதல் உலக யுத்தத்தில் (1914–1918) மேற்கு ஐரோப்பியப் போர்முனை அகழிகளுக்குள் ஒடுங்கிற்று. அந்த இடுக்கில் வீசுவதற்குப் பயனெட் என்னும் துப்பாக்கிமுனைக் கத்தி மிக நீளமாயிருந்தது. அதனை வெட்டிக் குறுக்கிக் குத்துக்கத்தியாக்கினர். பழம்படைக்கலம் சேர்ப்போர் இன்று இவ்வகைக் கத்திகளை விரும்பித் தேடுகின்றனர்.

நீண்ட அலகைக் குறுக்கும் இவ்வித்தையை இரு நூற்றாண்டுகளுக்கும் முன்பே தமிழகம் அறிந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வாள்களின் அலகை நறுக்கி, உள்ளூர்ப் பிடியில் ஆணியறைந்து, 17ஆம் நூற்றாண்டில் கட்டாரிகள் செய்யப்பட்டன. குறுக்குப் பிடியை முட்டியில் அடக்கிக் குத்தினால், முன்கையின் வலுவெல்லாம் அலகில் இறங்கும். புறங்கையைக் காக்கத் தகடும் உண்டு.

1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். பின்னர் அரண்மனைப் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. தப்பியவற்றுட் சில கடல் கடந்தன. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்ற தொகுப்பிலும் தஞ்சைக் கட்டாரிகள் உள.

எடைக்கு விற்றவர் இரும்பை மட்டுமே கண்டனர். அலகின் வெட்டுத் தழும்பும் அயல்நாட்டு முத்திரையுமே வணிகமும் போரும் கலந்த வரலாற்றைச் சொல்வன. செமினி வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் யுத்தகாலக் கத்தி ஏதேனும் இருப்பின், அதனை மெருகேற்றித் தழும்பை அழிப்பது நன்றன்று. வைத்திருந்தவர் யார், வந்த வழி எது என ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் வேண்டும்.