தனியார் வாகன நிறுத்தக் கட்டணம்: மேல்முறையீட்டை அரசு அமைப்பு விசாரிக்க வேண்டுமா? பிரிட்டனில் நீளும் விவாதம்

பிரிட்டனில் ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில், அனுமதிக்கப்பட்ட நேரத்தைக் கடந்து காரை விட்டுச் சென்றவரின் வீட்டுக்குச் சில நாள்களில் ஒரு கடிதம் வந்து சேரும். கார் உள்ளே நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், எண் பலகையின் புகைப்படம் ஆகியவை அதில் இருக்கும். 100 பவுண்டு வரை செலுத்த வேண்டும் என்றும், 14 நாள்களுக்குள் செலுத்தினால் 40 சதவீதம் தள்ளுபடி என்றும் குறிப்பிடப்பட்டிருக்கும். பார்வைக்கு அரசு அபராத ஆணை போலவே தோன்றும் அந்தக் கடிதத்தை அனுப்பியது காவல் துறையும் அல்ல, உள்ளாட்சி மன்றமும் அல்ல. ஒரு தனியார் நிறுவனம்.

அதை ஏற்க மறுப்பவர் முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அங்கு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். அந்த அமைப்பை நடத்துவதற்கான செலவை ஏற்பது வாகன நிறுத்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே. குற்றம் சாட்டுபவரின் பணத்தில் இயங்கும் அமைப்பு நடுநிலையாக இருக்குமா, அந்தப் பணியைப் பொது அமைப்பு ஏற்பதே முறையல்லவா என்பது அந்நாட்டில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி. இது வெறும் யோசனையாக நின்றுவிடவில்லை. 2012 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் லண்டனில் உண்மையிலேயே நடைமுறையில் இருந்தது.

ஒரே சுருக்கப்பெயர், இரு வேறு நடைமுறைகள்

உள்ளாட்சி மன்றம் சாலையோர விதிமீறலுக்கு அனுப்புவது ‘பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்’. தனியார் நிறுவனம் அனுப்புவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. இரண்டும் ‘பிசிஎன்’ என்றே சுருக்கி அழைக்கப்படுகின்றன. இந்த ஒற்றுமை தற்செயலானது என்று நம்புவோர் குறைவு.

முதலாவது, சட்டத்தின் அடிப்படையில் விதிக்கப்படும் அபராதம். அதை எதிர்த்து லண்டனில் ‘லண்டன் டிரிப்யூனல்ஸ்’ அமைப்பையும், இங்கிலாந்தின் பிற பகுதிகளிலும் வேல்ஸிலும் போக்குவரத்து அபராதத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். அங்கு விசாரிப்பவர்கள் சட்டம் பயின்ற நடுவர்கள். அவர்களின் நியமனத்துக்கு நீதித் துறைப் பொறுப்பை வகிக்கும் லார்டு சான்சலரின் இசைவு தேவை. தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது, ஒப்பந்த மீறலுக்கான கோரிக்கை மட்டுமே. வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையின் நிபந்தனைகளை ஓட்டுநர் ஏற்றுக்கொண்டே உள்ளே வந்தார், பின்னர் அவற்றை மீறினார் என்பது நிறுவனத்தின் வாதம். பணம் செலுத்தப்படாவிட்டால் நிறுவனம் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். அந்த வழக்கு அறிவிப்புக்குப் பதிலளிக்காமல் இருந்துவிட்டால் எதிராகத் தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் பணம் கட்டப்படாத நிலையில் அந்தத் தீர்ப்பு ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நிலைத்து, வங்கிக் கடன் பெறுவதைப் பாதிக்கும். படிப்புக்காகவும் பணிக்காகவும் அங்கு சென்று கார் வாங்கும் இந்தியர்கள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் முதல் கடிதம் வந்த பிறகே அறிகின்றனர்.

சக்கரப் பூட்டுக்கு விடை, உரிமையாளருக்குப் பொறுப்பு

2012-க்கு முன்பு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் நிற்கும் காரின் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டு, பணம் பெற்ற பின்பே விடுவிக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. ஸ்காட்லாந்தில் 1992-லேயே நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று கூறிவிட்டது. இங்கிலாந்தில் ‘சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 2012’ வாயிலாக அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் சக்கரப் பூட்டு தடை செய்யப்பட்டது.

பூட்டைப் பறிகொடுத்த தொழிலுக்கு அதே சட்டம் வேறொன்றை அளித்தது. அதுவரை, காரை ஓட்டியவர் யார் என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டியிருந்தது. ‘ஓட்டியது நான் அல்ல’ என்று உரிமையாளர் கூறிவிட்டால் கோரிக்கை அத்துடன் நின்றுவிடும். புதிய சட்டத்தின் நான்காம் அட்டவணை, சில நிபந்தனைகள் நிறைவேறினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரிடமே பணம் கோரலாம் என்றது. கேமரா வழியே பதிவான நிகழ்வுகளில் 14 நாள்களுக்குள் அறிவிப்பு சென்று சேர்ந்திருக்க வேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று.

இந்தச் சலுகைக்கு ஈடாக அரசு வலியுறுத்தியதுதான் சுதந்திரமான மேல்முறையீட்டு அமைப்பு. அவ்வாறு உருவானது ‘பாப்லா’. வாகன ஓட்டிக்குக் கட்டணம் இல்லை, செலவு நிறுவனங்களுடையது. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், வாகன ஓட்டியைக் கட்டுப்படுத்தாது. தோற்ற ஓட்டி பணம் செலுத்த மறுத்து, நீதிமன்றத்தில் தன் தரப்பை மீண்டும் முன்வைக்கலாம்.

லண்டன் கவுன்சில்ஸ் கண்ட அனுபவம்

பாப்லாவை நடத்தும் ஒப்பந்தத்தை பிரிட்டிஷ் வாகன நிறுத்தச் சங்கம் (பிபிஏ) ‘லண்டன் கவுன்சில்ஸ்’ அமைப்பிடம் ஒப்படைத்தது. தலைநகரின் 32 பரோக்களும் சிட்டி ஆஃப் லண்டன் நிர்வாகமும் இணைந்த கூட்டமைப்பு அது. உள்ளாட்சி அபராதங்களுக்கான லண்டன் தீர்ப்பாயத்துக்கு நிர்வாக உதவி அளிப்பதும் அதுவே. கட்டமைப்பும் அனுபவமும் கையில் இருந்ததால் பொருத்தமான தேர்வாகவே தோன்றியது.

விளைவுகளும் தொழில்துறைக்குச் சாதகமாக மட்டும் அமைந்துவிடவில்லை. ஒப்பந்த மீறலுக்குக் கோரும் தொகை, உண்மையில் ஏற்படக்கூடிய இழப்பின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்ட நிலைப்பாடு. இலவச வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கார் நின்றதால் 85 பவுண்டோ 100 பவுண்டோ இழப்பு ஏற்பட்டது என்று நிறுவனங்களால் காட்ட இயலவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பல மேல்முறையீடுகள் வாகன ஓட்டிகளுக்குச் சாதகமாக முடிந்தன.

எனினும் அடிப்படையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தனியார் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் பணியை ஏற்க உள்ளாட்சிக் கூட்டமைப்புக்கு அதிகாரம் உண்டா என்ற ஆட்சேபம் எழுந்தது. பிரிட்டிஷ் உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அனுமதித்ததை மட்டுமே செய்யலாம் என்பது பழைய விதி. 2011-ஆம் ஆண்டின் ‘லோக்கலிசம்’ சட்டம் அவற்றுக்குப் பொதுவான செயல் அதிகாரத்தை வழங்கியது. ஆனால், வணிக நோக்கத்துக்காக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால் தனி நிறுவனம் தொடங்கியே செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் உள்ளது. மேலும், கூட்டுக் குழு ஒன்று தன் உறுப்பு மன்றங்கள் ஒப்படைத்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்த இயலும். பல மன்றங்களின் கூட்டமைப்பு, தொழிற்சங்கம் ஒன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, கட்டணம் பெற்றுக்கொண்டு ஆற்றும் பணியை எந்த வகையில் சேர்ப்பது என்பது எளிதில் விடை காணக்கூடியதாக இல்லை.

2015 செப்டம்பருடன் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அக்டோபர் முதல் பாப்லாவை இலாப நோக்கற்ற தனியார் அமைப்பான ‘ஆம்புட்ஸ்மன் சர்வீசஸ்’ ஏற்றது. அடுத்த மாதமே, 2015 நவம்பர் 4-ஆம் தேதி, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் செம்ஸ்ஃபோர்டு நகரின் வணிக வளாகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு மணி நேர வரம்பை 56 நிமிடம் கடந்ததற்காக விதிக்கப்பட்ட 85 பவுண்டு செல்லும் என்றும், இடத்தை முறையாக நிர்வகிப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான நலன் இருப்பதால் இழப்பைக் கணக்கிட்டுக் காட்டத் தேவையில்லை என்றும் நீதிபதிகள் பெரும்பான்மையாகக் கூறினர். வாகன ஓட்டிகளின் வலுவான ஆயுதம் ஒன்று அத்துடன் மழுங்கியது.

பொது அமைப்பு கூடாது என்போரின் வாதம்

இதனைப் பொது அமைப்பு ஏற்கக் கூடாது என்போர் வாகன நிறுவனங்களின் ஆதரவாளர்கள் மட்டுமல்லர். வாகன ஓட்டிகளுக்காகப் போராடுவோரிலும் சிலர் அதையே கூறுகின்றனர். தனியார் கோரிக்கைக் கடிதம் ஏற்கெனவே அரசு அபராதத்தின் வேடத்தில் வருகிறது. மேல்முறையீட்டையும் அரசு அமைப்பே விசாரித்தால் அந்த வேடத்துக்கு முத்திரையும் கிடைத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். எளிதில் புறந்தள்ள இயலாத வாதம் இது. ஒப்பந்தத் தகராறுக்கு நீதிமன்றம் இருக்கும்போது, உள்ளாட்சி அமைப்பின் கவனத்தை வணிக வளாகங்களின் பக்கம் திருப்புவது ஏன் என்ற கேள்வியும் உண்டு.

ஆனால், ‘இது இரு தனி நபர்களுக்கு இடையிலான பிரச்சினை’ என்ற நிலைப்பாடு உண்மை நிலையுடன் பொருந்தவில்லை. எண் பலகையை மட்டுமே அறிந்த நிறுவனத்துக்குப் பெயரையும் முகவரியையும் தருவது அரசின் ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமை (டிவிஎல்ஏ). ஒரு விவரத்துக்கு 2.50 பவுண்டு கட்டணம். 2012-13-இல் சுமார் 19 லட்சமாக இருந்த இத்தகைய கோரிக்கைகள் 2018-19-இல் சுமார் 68 லட்சமாகவும், 2023-24-இல் 1.2 கோடிக்கு மேலாகவும் உயர்ந்தன. உரிமையாளரைப் பொறுப்பாளியாக்கியதும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே. கடிதம் எழுதுவதற்குத் தேவையான முகவரியையும், பணம் கேட்பதற்கான உரிமையையும் வழங்கிய அரசு, முறையீட்டின் கட்டத்தில் மட்டும் தனக்குத் தொடர்பில்லை என்று ஒதுங்குவதை நியாயப்படுத்துவது கடினம்.

பணம் யாருடையது என்பதைவிட, நியமனம் யார் கையில் என்பதே இங்கு முக்கியம். உள்ளாட்சி அபராதங்களை விசாரிக்கும் தீர்ப்பாயங்களின் செலவையும் அபராதம் விதிக்கும் மன்றங்களே ஏற்கின்றன. ஆயினும் அவற்றின் நடுவர்களை மாற்றவோ, வேறு தீர்ப்பாயத்தைத் தேர்ந்தெடுக்கவோ மன்றங்களால் இயலாது. சட்டம் அதைத் தடுக்கிறது. தனியார் துறையில் அத்தகைய தடுப்பு இல்லை. பிபிஏ அல்லாத மற்றொரு சங்கமான ஐபிசி தனக்கென வேறொரு மேல்முறையீட்டு அமைப்பை வைத்துள்ளது. நிறுவனம் எந்தச் சங்கத்தில் சேர்கிறதோ, அந்தச் சங்கத்தின் அமைப்பே விசாரிக்கும். ஒரு சங்கத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறிய நிறுவனங்களும் உள்ளன. வாகன ஓட்டிக்கு அந்தத் தெரிவு கிடையாது.

லண்டன் ஏற்பாட்டின் குறையும் இதுவே. நடத்தியது பொது அமைப்பு என்றாலும், அதன் அதிகாரம் சட்டத்திலிருந்து அல்ல, சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதன் பங்கும் முடிந்தது.

சட்டம் வந்தும் முடிவு வரவில்லை

சர் கிரெக் நைட் என்ற எம்.பி. கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2019 மார்ச்சில் ‘வாகன நிறுத்த நடைமுறை விதிச் சட்டம்’ ஆனது. சங்கங்கள் தாமே எழுதிய விதிகளுக்குப் பதிலாக அரசு விதித்தொகுப்பை வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். 2022 பிப்ரவரியில் வெளியான தொகுப்பு, பெரும்பாலான இடங்களில் கட்டணத்தை 50 பவுண்டாகக் குறைக்கவும், கடன் வசூல் என்ற பெயரில் சேர்க்கப்படும் கூடுதல் தொகையைத் தடுக்கவும் முனைந்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

இடைவெளியைத் தொழில்துறையே நிரப்பியது. இரு சங்கங்களும் 2024-இல் பொதுவான விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தின. அதிகபட்சக் கட்டணம் 100 பவுண்டு என்பதும், 70 பவுண்டு வரையிலான வசூல் தொகையும் அதில் மாறவில்லை. மேல்முறையீட்டு அமைப்புகள் இரண்டும் தனித்தனியே தொடர்கின்றன.

2025 ஜூலையில் புதிய அரசு விதித்தொகுப்புக்கான கலந்தாய்வை மீண்டும் தொடங்கியது. அதுவரை நடைமுறையில் உள்ளது இதுதான்: பாப்லாவின் கீழ் வரும் நிறுவனத்தின் கடிதத்தைப் பெற்றவர் முதலில் நிறுவனத்திடம் முறையிட வேண்டும், அது நிராகரிக்கப்பட்ட 28 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தோற்றால் தள்ளுபடி பெரும்பாலும் கிடைக்காது, முழுத் தொகையும் கோரப்படும். வென்றால் அந்தக் கட்டணத்தை நிறுவனம் ரத்து செய்தாக வேண்டும்.