கார்டு ஓரூரில், வேலை வேறூரில்: பெருந்தொற்றுக் காலத் திருப்பூரும் ரேஷன் உரிமையின் வரலாறும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலோருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை மாலை காசு கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் போய் அடுத்த வாரத்துக்கான சாமான் வாங்கி வருவார்கள். 2020 மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி செவ்வாய் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் அடைப்பு. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு மெஷின் நின்றால் கூலியும் நின்றுவிடும். கம்பெனி விடுதியில் இருந்தவர்களுக்கு மெஸ் இருந்தது. லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு மளிகைக் கடைக்காரர் தரும் கடன்தான் முதல் துணை.

பொது விநியோகத்தில் மற்ற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் தமிழ்நாட்டில், இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியின் தலைநகரத்தில், உழைப்பவர்கள் ஏன் அரிசிக்குத் தவிக்க நேர்ந்தது? இதற்கு விடை ரேஷன் கார்டின் வரலாற்றில் இருக்கிறது.

1943இல் வங்கம் பஞ்சத்தில் மடிந்தபோது சென்னையில் உணவுப் பங்கீடு வந்தது. போர்க்காலத்து அவசர ஏற்பாடான அது, 1967க்குப் பிறகு அரசியல் வாக்குறுதியாக மாறியது. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. அப்போது திருப்பூர் கோவை மாவட்டத்து ஊர். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 1997இல் ஏழைகளைத் தனியே பிரித்து அவர்களுக்கு மட்டும் மலிவு விலையில் தரும் முறையை மத்திய அரசு கொண்டுவந்தபோது தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. எல்லோருக்கும் என்ற கொள்கையில் நின்றது. அந்த முடிவு எடுக்கப்படாமல் போயிருந்தால் 2020இல் பசி இன்னும் பல மடங்கு பெருகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அரிசி விலை 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய் எனக் குறைந்து, 2011 ஜூன் முதல் இலவசமானது.

ஆனால் இந்த வளர்ச்சி முழுவதும் நிலையான ஒரு முகவரியின் மேல் கட்டப்பட்டது. ஒரு வீடு, ஒரு கார்டு, ஒரு கடை. விவசாயக் குடும்பத்துக்கு அது பொருந்தும். திருப்பூருக்குப் பொருந்தாது. இந்த ஊரின் தொழில் வளர்ந்ததே வெளியூர்க் கைகளால்தான். முதலில் கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தும், பிறகு மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கமிருந்தும், இந்த நூற்றாண்டில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்தும் ஆட்கள் வந்தனர். கார்டு ஊரில் அப்பா அம்மாவிடம் இருக்கும். வேலை இங்கே இருக்கும்.

2020 ஏப்ரலில் அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் தமிழ்நாடு அரசு வழங்கியது. நல்ல திட்டம், விரைவாகவும் நடந்தது. ஆனால் அவரவர் கார்டுக்குரிய கடையில்தான் வாங்க வேண்டும், பஸ்ஸோ ஓடவில்லை. தேனிக்காரத் தமிழரும் இந்த வகையில் அசாம்காரரின் நிலையிலேயே இருந்தார். வடமாநிலத்தவரைப் பற்றி நிறையப் பேசிய நாம் மாநிலத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களை மறந்துவிட்டோம்.

வெளிமாநிலத் தொழிலாளருக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என மாநில அரசு அறிவித்தது. யாருக்குக் கொடுப்பது என்பதற்குப் பட்டியல்தான் இல்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. சொந்தக்காரரின் போனை நம்பி ரயிலேறி வந்தவர் அந்தப் பதிவேட்டில் இல்லை. கார்டு இல்லாத 8 கோடிப் பேருக்கு 8 லட்சம் டன் தானியம் என்று மே 14இல் மத்திய அரசு அறிவித்தபோதும் இதே சிக்கல்தான்; ஒதுக்கியதில் பெரும்பங்கு உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த மே மாதத்திலேயே திருப்பூரிலிருந்து பீகாருக்குச் சிறப்பு ரயில்கள் கிளம்பத் தொடங்கின.

கார்டும் பட்டியலும் கேட்காத அரசு ஏற்பாடு, மலிவு விலை அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, அதே ஆண்டில் திருப்பூர் மாநகராட்சிக்கும் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி. பெயரும் ஊரும் யாரும் கேட்பதில்லை. பெருந்தொற்றுக் கால உணவு நிர்வாகத்தில் மிகவும் மதிக்கத்தக்க கொள்கை இதுவே என்பது என் முடிவு. ஆனால் அது நகர எல்லைக்குள் நின்றுவிட்டது. பெருமாநல்லூர், மங்கலம் என ஊராட்சிப் பகுதிகளில் கம்பெனிகள் பெருகிவிட்டன. பஸ் இல்லாத நாளில் அங்கிருந்து நடந்து வந்தா சாப்பிட முடியும்?

2020 அக்டோபர் 1இல் தமிழ்நாடு, எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் சேர்ந்தது. அடைப்பு தொடங்கி ஆறு மாதம் கடந்திருந்தது. 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா அமர்வு, ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும், தொற்றுக்காலம் முடியும்வரை சமுதாயச் சமையற்கூடங்கள் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. முகவரியிலிருந்து ஆளுக்கு உரிமை நகரத் தொடங்கியது அப்போதுதான். இன்றும் அது பாதி வழியில் நிற்கிறது. வெளிமாநிலக் கார்டு வைத்திருப்பவருக்குத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பங்கு மட்டுமே உண்டு. தமிழ்நாடு தன் கார்டுதாரருக்குத் தரும் மலிவு விலைப் பருப்பும் பாமாயிலும் அவருக்கு இல்லை. ஊரிலேயே கார்டு இல்லாதவருக்கு எதுவும் இல்லை.

2020இல் இல்லாத அந்தப் பட்டியலைத் தயாரிக்க வழி இருக்கிறது: கம்பெனிகளில் வருகைப் பதிவேடு இருக்கிறது, ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்குகளும் பலருக்கு இருக்கின்றன. ஒப்பந்த முறையில் தைப்பவர்களையும் விடாமல் சேர்த்து, மாவட்ட நிர்வாகமும் ஏற்றுமதியாளர்களும் தொழிற்சங்கங்களும் கூடி ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஊராட்சிப் பகுதிகளிலும் மலிவு விலை உணவகங்கள் திறக்க வேண்டும். அடுத்த தொற்றுக்குக் காத்திராமல் இதை இப்போதே தொடங்குங்கள்.