ஜாக்கும் வி-யும்: ஒரு விளையாட்டு ஊகம்

நண்பர் ஒருவர் பல வருஷங்களாக ஒரு கட்சி பேசி வருகிறார். டேவிட் போவியின் 'டயமண்ட் டாக்ஸ்' (1974) இசைத்தட்டில் வரும் ஹாலோவீன் ஜாக்கும், ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைந்த 'வி ஃபார் வெண்டெட்டா' சித்திரக்கதையில் வரும் வி என்பவனும் ஒரே ஆள்தான் என்பது கட்சி. ஜாக் சாகவில்லை, பிடிபட்டான், முகாமில் அடைபட்டான், தப்பி வந்து முகமூடி மாட்டிக்கொண்டான் என்கிறார். ஆதாரம் கேட்டால் விரல் மடக்கி எண்ணுவார். ஹாலோவீன் அக்டோபர் 31. கை ஃபாக்ஸ் நாள் நவம்பர் 5. இடையில் ஐந்து நாள். வி அடைபட்டிருந்த அறையின் எண் ஐந்து. ரோம எண்ணில் ஐந்து என்பது வி. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 'டயமண்ட் டாக்ஸ்' ஏறிய உச்சமும் ஐந்தாம் இடம். "இன்னும் என்னய்யா வேணும்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதி விளையாட்டு, பாதி விசுவாசம்.

இப்படிப்பட்ட ஊகங்களை விமர்சகன் தீண்டக் கூடாது என்று ஒரு ஆசாரம் உண்டு. எனக்கு அந்த ஆசாரத்தில் பிடிப்பில்லை. தப்பான ஊகம் சில சமயம் சரியான ஆராய்ச்சியைவிட ஆழமான இடத்தில் போய் இடித்துக்கொள்கிறது. இது அப்படி ஒன்று என்று படுகிறது.

இரண்டையும் அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் மேடையில் போவி தன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் வேஷத்தைப் பகிரங்கமாகக் கழற்றி எறிந்தார். அதற்கடுத்த வேஷங்களில் ஒன்று ஜாக்: சிவந்த தலைமுடி, ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, அழிந்துபோன ஒரு பெருநகரத்தில் வானளாவிய கட்டிடத்தின் உச்சியில் குடியிருக்கும் காலிப்பட்டாளத்தின் தலைவன். வி-யின் உலகம் 1997-ன் பிரிட்டன். அணுயுத்தம் உலகத்தைத் தின்ற பிறகு, நார்ஸ்ஃபயர் என்ற பாசிசக் கட்சி ஆள்கிறது. லார்க்ஹில் முகாமில் கைதிகள் மேல் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அதில் பிழைத்துத் தப்பிய ஒருவன் கை ஃபாக்ஸின் முகமூடியோடு வந்து, முகாமை நடத்தியவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். பாராளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கிறான். நல்லவன் என்று சொல்ல வாய் வராது. எதிர்நாயகன் என்ற சொல் இவனுக்கென்றே அடித்து வைத்தது போலிருக்கும்.

'டயமண்ட் டாக்ஸ்' உண்மையில் ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. போவி செய்ய விரும்பியது ஆர்வெல்லின் '1984' நாவலை இசை நாடகமாக்குவது. ஆர்வெல்லின் மனைவி சோனியா அனுமதி தரவில்லை. எழுதி வைத்த பாட்டுகள் கையில் நின்றுவிட்டன. அவற்றோடு தன் கற்பனை நகரத்தையும் ஜாக்கையும் சேர்த்து, வில்லியம் பர்ரோஸிடமிருந்து கற்ற வெட்டி ஒட்டும் முறையில் வரிகளைக் கலைத்துப் போட்டு, போவி ஒரு தட்டு பண்ணினார். அனுமதி கிடைத்திருந்தால் கௌரவமான ஒரு மேடை நாடகம் கிடைத்திருக்கும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்திருப்போம். இப்போது கிடைத்திருப்பது இடிபாடு. கதை முழுதாக இல்லை. ஜாக் ஒரே பாட்டில் தலைகாட்டிவிட்டு மறைந்துபோகிறான். இரண்டாம் பக்கம் முழுக்க ஆர்வெல்லின் நிழல்தான். இப்படிக் கதை அறுந்து நிற்பதால்தான் நண்பரைப் போன்றவர்களுக்கு நுழைய இடம் கிடைக்கிறது. அட்டை ஓவியம் வரைந்தவர் கீ பெலார்ட் என்ற பெல்ஜியக்காரர். பாதி மனிதன் பாதி நாயாகப் போவியை வரைந்த இவர், 1966-லேயே 'ஜோடெல்' என்ற சித்திரக்கதையால் பெயர் பெற்றவர். ஆக, ஜாக் பிறந்தபோதே சித்திரக்கதையின் வாடை அவன் மேல் இருந்தது. நண்பர் இதை ஏனோ எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

எண் ஜோசியத்தைத் தள்ளிவிட்டால் ஸ்தூலமான சான்றுகள் சில மிஞ்சுகின்றன. கதை வந்துகொண்டிருந்த 'வாரியர்' பத்திரிகையிலேயே மூர் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்க நாட்களில் தம் மனசில் கிடந்தவற்றை அதில் பட்டியல் போட்டிருக்கிறார். ஆர்வெல், ஹக்ஸ்லி, பாட்மன், ராபின் ஹூட், மாக்ஸ் எர்ன்ஸ்டின் ஓவியம் என்று போகும் அந்த வரிசையில் போவியின் பெயரும் இருக்கிறது. இருவரும் ஒரே மண்ணில் முளைத்தவர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அறுபதுகளின் இறுதியில் பிரிட்டிஷ் சிற்றூர்களில் 'ஆர்ட்ஸ் லாப்' என்ற பெயரில் கவிதை, நாடகம், இசை எல்லாம் கலந்த கூடங்கள் தோன்றின. லண்டனை ஒட்டிய பெக்கன்ஹாமில் 1969-ல் அப்படி ஒன்றை நடத்தியவர்களில் போவி ஒருவர். நார்தாம்ப்டன் கூடத்தில் பதின்வயதில் போய்ச் சேர்ந்தவர் மூர். 'எம்ப்ரியோ' என்று சொந்தமாக ஒரு சிறுபத்திரிகைகூடக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் இவர் எதை எழுதினாலும் அதில் மேடையின் பௌடர் வாசனை அடிப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. இருபத்திரண்டு வயதில் மூர் டி.சி. தாம்ஸன் நிறுவனத்தின் கதைப் போட்டிக்கு ஒரு யோசனை அனுப்பினார். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சர்வாதிகார அரசை எதிர்க்கும், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய, ஆண் பெண் எல்லையைக் கடந்த ஒரு பயங்கரவாதி. பெயர் 'டால்', பொம்மை. நிராகரித்துவிட்டார்கள். இது எழுபதுகளின் நடுவில், ஜாக் தோன்றி அதிக காலம் ஆகாதபோது நடந்தது. ஃபாக்ஸ் முகமூடி பிற்பாடு லாய்ட் கொடுத்த யோசனை. முகமூடி வருவதற்கு முன் அங்கே இருந்தது ஒரு வெள்ளைப் பூச்சு முகம். எழுபதுகளின் இங்கிலாந்தில் அந்த மாதிரி முகத்தை எல்லோர் வீட்டு டெலிவிஷனுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தவர் யார் என்று கேட்டால், நண்பரின் கட்சிக்கு உயிர் வந்துவிடுகிறது. 1982-ல் போவியின் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' பாட்டை மறுபடி பாடி வெளியிட்ட பாவ்ஹவுஸ் குழுவும் நார்தாம்ப்டன் குழுதான். அதில் இருந்த டேவிட் ஜே, மூரோடு சேர்ந்து வேலை செய்தவர். 1984-ல் 'வி ஃபார் வெண்டெட்டா' என்ற பெயரிலேயே ஒரு இசைத்தட்டு போட்டார். சித்திரக்கதைக்குள் மூர் எழுதிய பாட்டு அதில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் நண்பரோடு சேர்ந்து நடக்கலாம். நான் பிரிவது இதற்கப்பால்.

இரண்டும் ஆர்வெல்லின் குழந்தைகள் என்றால், வி அங்கே யார்? கலகக்காரன், ஆகவே வின்ஸ்டன் ஸ்மித் என்போம். சித்திரக்கதையின் நடுப்பகுதி இதை அனுமதிக்காது. தான் காப்பாற்றிய ஈவி என்ற பெண்ணை வி தானே கடத்தி, அரசாங்கச் சிறை என்று அவளை நம்ப வைத்து, தலையை மழித்து, பட்டினி போட்டு, கேள்வி கேட்டு வதைக்கிறான். அறையில் எலிகூட உண்டு. முன்பு லார்க்ஹில்லில் இறந்துபோன வேலரி என்பவள் எழுதிய கடிதம் சுவர்ப் பொந்து வழியாக ஈவிக்கு வருகிறது. அது ஒன்றுதான் அங்கே உண்மை. மற்றதெல்லாம் வி கட்டிய மேடை. ஆர்வெல்லின் நூற்றியொன்றாம் அறையில் இந்த வேலையைச் செய்தவன் ஓ'ப்ரையன். வின்ஸ்டன் கடைசியில் பெரியண்ணனை நேசிக்கிறான். ஈவி கடைசியில் வி-யை நேசிக்கிறாள், அவன் முகமூடியையே மாட்டிக்கொள்கிறாள். கதையின் வடிவம் ஒன்றுதான், சாயம்தான் வேறு. வி செய்வது சரியா பைத்தியக்காரத்தனமா என்பதை வாசகனுக்கே விட்டுவிட்டதாக மூர் சொல்லியிருக்கிறார். மழையில் கைவிரித்து நிற்கும் ஈவியின் படத்துக்கு வரும்போதெல்லாம் நான் அதை விடுதலை என்று ஒப்புக்கொள்ளப் போய்த் தயங்கிவிடுகிறேன். லாய்ட் இந்தக் கதையில் ஒலிச் சொற்களும் வேண்டாம், எண்ணக் குமிழிகளும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார். வி என்ன நினைக்கிறான் என்று ஒரு கட்டத்திலும் நமக்குத் தெரியாது. தயக்கத்துக்கு அதுவும் காரணம்.

இப்போது தட்டின் இரண்டாம் பக்கத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். பெரியண்ணனைப் பற்றிய பாட்டு கோரமாக இல்லை. இனிமையாக இருக்கிறது, கூட்டம் சேர்ந்து பாடத் தோதாக இருக்கிறது. பலசாலி ஒருவன் வந்து எங்களை ஆட்கொள்ளட்டும் என்ற ஏக்கத்தைப் போவி கேலி செய்கிறாரா, அனுபவிக்கிறாரா என்று பிரித்தறிய முடிவதில்லை. முதல் பக்கத்தில் காலிகளின் தலைவனாக வந்த அதே குரல்தான் இங்கே சர்வாதிகாரியை அழைக்கிறது. ஜாக் தொலைந்துபோனதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இதுதான்: அவன் எங்கும் போகவில்லை, கட்சி மாறிவிட்டான். ராக் நட்சத்திரத்துக்கும் தலைவனுக்கும் இடையில் உள்ள தூரம் மிகச் சிறியது என்று போவி தன் உடம்பாலேயே கண்டுகொண்டிருந்தார்.

அந்தத் தூரத்தை அவர் கொஞ்ச காலம் கடந்தும் போனார். 1976-ல் பிரிட்டனுக்குப் பாசிசத் தலைமை நல்லது செய்யலாம் என்ற ரீதியில் பேட்டி கொடுத்தார். அந்த மே மாதம் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில், திறந்த மெர்ஸிடிஸ் காரில் நின்று கூட்டத்தை நோக்கி அவர் கையைத் தூக்கியதைப் படம் பிடித்தார்கள். நாஜி வணக்கம் என்று பத்திரிகைகள் எழுதின. கையசைத்தபோது பாதியில் எடுத்த படம் என்றார் அவர். பேட்டிகளுக்காகப் பிற்பாடு வருந்தினார், போதை மருந்தைக் காரணம் சொன்னார். நேஷனல் ஃப்ரண்ட் தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதே வருஷம் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' இயக்கம் தொடங்கியதற்கு எரிக் கிளாப்டனின் மேடைப் பேச்சு உடனடிக் காரணம் என்றால், போவியின் பேட்டிகளும் பின்னணியில் இருந்தன. மூரின் நார்ஸ்ஃபயர் இந்தக் காற்றைச் சுவாசித்துப் பிறந்த கட்சி. வி-யின் பாதாள மாளிகையில் இருக்கும் பாட்டுப் பெட்டியில் அந்த அரசு ஒழித்துக்கட்டிய கறுப்பர் இசை பத்திரமாக இருக்கிறது. போவியோ, 'டயமண்ட் டாக்ஸ்' சுற்றுப்பயணத்தின் பாதியிலேயே, 1974 ஆகஸ்டில் பிலடெல்பியாவுக்குப் போய்க் கறுப்பர்களின் ஸோல் இசையைப் பாடிக்கொண்டிருந்தார், பிரம்மாண்டமான நகர அரங்கத்தையும் பிற்பாடு தூக்கிப் போட்டுவிட்டார். ஒரே மனிதன், இரண்டு வருஷ இடைவெளி.

வி குண்டடி படுவது எந்த இடத்தில்? மூடிக் கிடக்கும் விக்டோரியா நிலத்தடி ஸ்டேஷனில். மூர் போவியின் படத்தை நினைத்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார் என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. வி என்ற எழுத்தே போதுமான காரணம். நண்பருக்கு இதைச் சொன்னபோது முதலில் துள்ளினார். ஐந்து என்ற எண்ணைவிட எவ்வளவு அழகான பொருத்தம்! பிறகு முகம் சற்று மாறியது. ஜாக் வி-யாக மாறினால் அந்தத் தூக்கிய கையும் கூடவே வருமே என்றார். வரும் என்றேன்.

1985-ல் 'வாரியர்' நின்றபோது கதை பாதியில் இருந்தது. 1988-லும் 89-லும் அமெரிக்காவில் டி.சி. நிறுவனம் அதை வண்ணத்தில் முடித்து வெளியிட்டது. 2006-ல் வந்த சினிமாவில் மூர் தன் பெயர் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு முகமூடி தெருவுக்கு வந்தது. 2008-ல் 'அனானிமஸ்' கூட்டத்தாரும் 2011-ல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புக்காரர்களும் அதை அணிந்தார்கள். விற்ற ஒவ்வொரு அதிகாரபூர்வ முகமூடிக்கும் வார்னர் நிறுவனத்துக்கு உரிமைத் தொகை போயிற்று. 2016 ஜனவரியில் போவி இறந்தார்.

நண்பர் இன்னும் கட்சியை விடவில்லை. அவருடைய கடைசிப் பிடி ஒரு பக்கம். வி இறந்து கிடக்கிறான். முகமூடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று ஈவி யோசிக்கிறாள். ஒவ்வொரு முகமாக அதற்கடியில் கற்பனை செய்து பார்க்கிறாள், கடைசியில் சிறுமியாக இருந்த தன் முகத்தையே பார்க்கிறாள். கழற்றாமல் விட்டுவிடுகிறாள். "கழற்றலையே! அப்ப நான் சொல்றது தப்புன்னு எப்படிச் சொல்வீங்க?" என்கிறார் நண்பர்.