முண்ணாண் காயமுற்றோர் பதிவேடு: தோற்றமும் வளர்ச்சியும்

மூளையினின்றும் முள்ளந்தண்டினூடே இறங்கும் நரம்புத்தொகுதியை முண்ணாண் என்பர். அது ஊறுபடின், ஊறுபட்ட இடத்துக்குக் கீழுள்ள உறுப்புகள் அசைவையும் உணர்ச்சியையும் இழத்தல் கூடும். பண்டைய எகிப்தியர் இக்கேட்டினை நன்கறிந்திருந்தனர். கி. மு. 1600 அளவில் எழுதப்பெற்றதும், எட்வின் சிமித் பப்பைரசு என இன்று வழங்குவதுமாகிய மருத்துவ ஏடு 48 நோயாளரைப் பற்றிக் கூறுகின்றது. கழுத்தென்பு பெயர்ந்து கைகால் உணர்விழந்தவனின் நிலை மருத்துவஞ் செய்தற்குரியதன்று என்பது அவ்வேட்டின் தீர்ப்பு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர் பெரும்பாலும் அத்தீர்ப்பையே ஏற்று நடந்தனர்.

கைவிடப்பட்ட நோயாளனைப் பற்றி எழுதிவைப்பார் இலர். 1917ஆம் ஆண்டில், ஜேர்மனியின் சைலீசியப் பகுதியிலிருந்த விபத்து வைத்தியசாலை ஒன்றில் லூட்விக் குட்மன் என்னும் இளைஞர் ஊழியம் புரிந்தார். முள்ளந்தண்டு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்கு கொண்டுவரப்பட்டார். அவர் நிலைமையைக் குறித்துவைக்கக் குட்மன் முற்பட்டபோது, சில வாரங்களில் இறக்கப்போகின்றவரைப் பற்றி எழுதுவது வீண்வேலை எனத் தடுக்கப்பட்டார். ஐந்து வாரத்தில் அத்தொழிலாளி இறந்தார். குட்மன் இதனை மறந்தாரல்லர். முதுமையிலும் எடுத்துக் கூறினார்.

நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்து சென்ற குட்மன், 1944 பெப்ரவரி 1ஆந் திகதி ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுக் காயப்பிரிவைத் தொடக்கினார். படுக்கைப்புண் தோன்றாவண்ணம் நோயாளரை இரவு பகலாக இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடுதலும், சிறுநீர்ப்பையில் நச்சுக்கிருமி சேராது காத்தலும் அங்கு முறையாகக் கைக்கொள்ளப்பட்டன. நோயாளர் உயிர்தப்பினர், ஆகவே அவரைப் பற்றிய குறிப்பேடுகளும் நீண்டன. அக்குறிப்பேடுகளை ஆதாரமாகக் கொண்டே பிராங்கல் முதலியோர் 1969இல் அறுநூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து, ஊறுபாட்டின் கடுமையை ஐந்து படிகளாக வகுத்தனர். ஒரே அளவுகோலின்றிப் பல வைத்தியசாலைகளின் குறிப்புகளை ஒப்பிடல் இயலாதாகலின், பின்வந்த பதிவேடுகளுக்கெல்லாம் இவ்வகுப்பு அடிப்படையாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1970இல் பீனிக்ஸ் நகரில் முதலாவது மாதிரி நிலையம் அமைந்தது. இத்தகைய நிலையங்களிலிருந்து 1973 முதலாகத் திரட்டப்பட்ட தரவுகள் பல ஆண்டுகளாக அலபாமாவின் பேர்மிங்காமில் பேணப்பட்டு வருகின்றன. காயமுற்றோரின் சராசரி வயது 1970களில் 29 ஆக இருந்து, 2015இன் பின் 43 ஆக உயர்ந்தமையும், முன்னர் பலரைக் கொன்ற சிறுநீரக நோய் பின்தள்ளப்பட்டு, சுவாச நோய்கள் அவ்விடத்தைப் பெற்றமையும் இத்தரவுகளால் வெளியாயின. எனினும், நாட்டிற் புதிதாகக் காயமுறுவோருள் நூற்றுக்கு ஏறக்குறைய அறுவர் மாத்திரமே அதில் இடம்பெறுகின்றனர் என மதிப்பிடப்படுகின்றது. சிறப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படாதோரின் நிலையை அத்தரவு கூறாது.

நாடு முழுவதையும் தழுவிய பதிவேடொன்றைக் கனடா விரும்பியது. பதினைந்து வயதில், 1973இல், வாகன விபத்தினால் நடக்கும் ஆற்றலிழந்த றிக் ஹன்சன் என்பவர், 1985 முதல் 1987 வரை சக்கர நாற்காலியில் 34 நாடுகளூடாக 40,000 கிலோமீற்றருக்கு மேற் சென்று 260 இலட்சம் டொலர் திரட்டினார். அவர் பெயராலமைந்த பதிவேடு 2004இல் வன்கூவரில் தொடங்கிப் படிப்படியாக முப்பது அளவிலான வைத்தியசாலைகளுக்குப் பரவியது. சுகாதாரம் அந்நாட்டில் மாகாணங்களின் பொறுப்பு. அந்தரங்கம் பற்றிய சட்டங்களும் மாகாணந்தோறும் வேறுபடுவன. ஆகவே ஒவ்வோரிடத்திலும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைத் தனித்தனியே பெறவேண்டியதாயிற்று.

இதனினும் பெரிய இடர் நோயாளரின் சம்மதமேயாகும். சம்மதித்தவரை மாத்திரம் பதிந்தாற் போதாதோ என வினவுவார் உளர். போதாது. பாரிசவாதம் பற்றிய கனடாப் பதிவேடொன்றின் அனுபவம் 2004இல் வெளியாயிற்று. அதில் சம்மதம் பெறப்பட்டோருள் வைத்தியசாலையில் இறந்தோர் நூற்றுக்கு 6.9, ஏனையோருள் 21.7. கடும் நோயினர் கையொப்பமிடும் நிலையில் இலர். அவரை விட்டுவிடும் ஏடு, நாட்டின் நோயை உள்ளதினும் மென்மையாகக் காட்டும். ஆனால் ஒருவருடைய உடல்நிலையை அவரறியாமற் பெயருடன் பதிதலும் முறையன்று. முண்ணாண் பதிவேட்டினர் இவ்விரண்டுக்கும் இடையே வழி கண்டனர்: சம்மதித்தோரிடம் விரிவான செய்திகளைப் பெற்று அவரைப் பல ஆண்டுகள் பின்தொடர்தல், ஏனையோரைப் பற்றி, இன்னார் என அடையாளங் காணமுடியாத மிகச் சில செய்திகளை மாத்திரம் குறித்தல். இது முழுமையான தீர்வன்றாயினும் நேர்மையான தீர்வு என்றே கொள்ளத்தகும்.

இப்பதிவேட்டின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு 2015இல் வெளியான ஆய்வாகும். உணர்ச்சியோ அசைவோ சிறிதேனும் எஞ்சியோருக்கு 24 மணித்தியாலத்துள் சத்திரசிகிச்சை செய்யப்படின் அசைவு மீளும் அளவு கூடுதலாயிருத்தல் அதிற் கண்டறியப்பட்டது. முற்றாக ஊறுபட்டோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. எனினும் இப்பதிவேடு வைத்தியசாலையிலேயே தொடங்குவது. விபத்து நிகழ்ந்த இடத்திலேயே உயிர்நீத்தோர் அதில் இடம்பெறார். அவர்தம் தொகையை மரண விசாரணை ஏடுகளிலேயே தேடல் வேண்டும்.