சாவியும் பத்திரமும்

ஆங்கிலத்தில் சில சொற்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்தே திரியும். ஒன்றைச் சொன்னால் மற்றது தானே நாவில் வந்து நிற்கும். 'டி பாக்டோ', 'டி ஜூரே' என்பவை அந்த ஜாதி. இரண்டும் இலத்தீனில் பிறந்து ஆங்கிலத்தில் குடியேறியவை. முன்னதற்கு 'நடைமுறையில்' என்றும், பின்னதற்குச் 'சட்டப்படி' என்றும் பொருள் எழுதிவிட்டு அகராதிக்காரர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். ஆனால் புதுச்சேரிக்குத் தெற்கே ஒட்டிக் கிடக்கும் முதலியார்பேட்டை அப்படிப் போய்விட முடியவில்லை. அந்த ஊருக்கு இவ்விரு சொற்களுக்கும் நடுவே ஏழு வருஷமும் ஒன்பதரை மாதமும் இருந்தன.

வீடு வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும். சாவி கைக்கு வந்துவிட்டது. அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சியாயிற்று. ஆனால் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. குடியிருப்பவர் நீங்கள்தான், சொந்தக்காரர் வேறொருவர். சாவி டி பாக்டோ. பத்திரம் டி ஜூரே.

புதுச்சேரியின் பழைய சரித்திரத்தில் எப்போதும் பத்திரம்தான் முந்திக்கொண்டது. டச்சுக்காரர் பிடித்த ஊரைத் திருப்பித் தர வேண்டும் என்று 1697இல் ஐரோப்பாவில் எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர் கைக்கு அது வந்தது 1699இல். பிறகு ஆங்கிலேயரிடம் சிக்கியபோதும் இதே கதை. 1763இல் உடன்படிக்கை, 1765இல் ஊர். 1783இல் உடன்படிக்கை, 1785இல் ஊர். 1814இல் உடன்படிக்கை, 1816இல் ஊர். எங்கோ மேஜையில் கையெழுத்து விழும். இங்கே கொடி மாற இரண்டு வருஷம் ஆகும்.

1954இல் வரிசை தலைகீழாயிற்று. அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். 21ஆம் தேதி டில்லியில் ஒப்பந்தம். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது. புதுச்சேரிப் பகுதியின் எட்டுக் கொம்யூன்களில் ஒன்றான முதலியார்பேட்டையும் அன்றே இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. அங்கே 1898இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையின் தொழிலாளிக்கு விஷயம் முடிந்துவிட்ட மாதிரிதான் தோன்றியிருக்கும்.

முடியவில்லை. 1954இல் நடந்தது 'டிரான்ஸ்பர்', அதாவது கை மாற்றம். உரிமையையே விட்டுக் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸெஷன்' என்று வேறு சொல் இருக்கிறது. அந்த உடன்படிக்கை 1956 மே 28இல்தான் கையெழுத்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பாராளுமன்றக் கூட்டத் தொடருக்கும் ஆங்கிலத்தில் 'ஸெஷன்' என்றே பெயர். எழுத்துத்தான் வேறு, ஒலி ஒன்றே. இந்த ஸெஷன் நிறைவேற அந்த ஸெஷன் சம்மதிக்க வேண்டும். பிரான்ஸோ அல்ஜீரிய யுத்தத்தில் மூழ்கிக் கிடந்தது. அது ஓய்ந்த பிறகு, 1962 ஜூலையில்தான் பிரெஞ்சுப் பாராளுமன்றம் தலையசைத்தது. ஆகஸ்ட் 16இல் பத்திரங்கள் பரிமாறப்பட்டன.

இடைக்காலத்தில் இது வெறும் இலக்கணச் சண்டையாக இருக்கவில்லை. 1961இல் ஒரு பஸ் பெர்மிட் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 'புதுச்சேரி இந்தியாவின் பகுதிதானா?' என்று கோர்ட் மத்திய சர்க்காரைக் கேட்டது. 'இல்லை' என்று பதில் வந்தது. தன் கொடி பறக்கும் ஊரை, தன் அதிகாரி ஆளும் ஊரை, தன்னுடையதல்ல என்று ஓர் அரசாங்கமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது பொய்யல்ல, சட்டப்படி அதுதான் உண்மை.

மனிதர்களின் கதை இன்னும் சிக்கல். அவ்வூரில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள், 1962 ஆகஸ்ட் 16 முதல் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கியவர்களில் பலர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பிறந்து, இந்தியாவுக்கு வெளியே ஸைகோன் போன்ற ஊர்களில் குடியிருந்தவர்களோ பிரெஞ்சுக்காரர்களாகவே நீடித்தார்கள். முதலியார்பேட்டையில் தகப்பனார் எதுவும் எழுதாமலேயே இந்தியரானார். ஸைகோனில் மகன் எதுவும் எழுதாமலேயே பிரெஞ்சுக்காரரானார். இப்படியும் ஒரு குடும்பம் இருக்க முடிந்தது. தகப்பனும் பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. அன்று யார் எந்த ஊரில் குடியிருந்தார் என்பது பிரித்தது.

ஊர் இரண்டு சொல்லையும் கைவிடவில்லை. வெகு காலம் ஆகஸ்ட் 16ஐத்தான் கொண்டாடினார்கள். 2014 முதல் நவம்பர் முதல் தேதி விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்ட் 16இல் கீழூர் நினைவிடத்தில் இன்றும் கொடி ஏறுகிறது. ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. அரசாங்கங்கள் சாவியை ஒரு நாளில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு மனிதன் எந்த நாட்டவன் என்பதைச் சொல்லும் பத்திரம் பதிவாகும் வரை, அவன் தன் வீட்டிலேயே குடிக்கூலிக்காரன்தான்.