மூக்கும் செம்பும்: ஆலைக் காற்று வடிகட்டலை எதைக் கொண்டு அளப்பது?

ஓர் ஆலையின் காற்றுச் சுத்திகரிப்பு அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வருபவர் முதலில் மூச்சை இழுத்துப் பார்க்கிறார். வாடை இல்லையென்றால் கருவி சரி, இருந்தால் பழுது. ஊர்க்காரர் கொடுக்கும் புகாரும் ஆலைக்காரர் சொல்லும் பதிலும் இதே அளவுகோலில்தான் நிற்கின்றன. இந்த அளவுகோலை நம்பக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாற்றத்தை அடக்குவது ஒரு வேலை, நச்சு வாயுவைப் பிடிப்பது வேறொரு வேலை. முன்னது முடிந்ததைக் காட்டிப் பின்னதும் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் குழப்பம் வடிகட்டியோடு கூடவே பிறந்தது. நாற்றம் எல்லாமே நோய்தான் என்று எட்வின் சாட்விக் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னது 1846இல். எட்டு ஆண்டு கழித்து, ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் மரக்கரி அடைத்த முகக்கவசத்தை உருவாக்கினார். அதே 1854இல் லண்டன் மேயரின் மாளிகையில் அவருடைய கரி வடிகட்டி பொருத்தப்பட்டது. பின்னால் கிருமிக் கொள்கை வந்து சாட்விக்கின் எண்ணத்தைத் தள்ளிவிட்டது. கரி வடிகட்டி மட்டும் நிலைத்தது. அதை மூக்கால் சோதிக்கும் பழக்கமும் நிலைத்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்புகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து முடியைக் கழற்றச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரின் பிஎச் 12ஐ ஒட்டி இருக்கும்வரை சல்பைடு நீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பின்னால் வரும் பிக்கிள் கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் சேரும். இவ்விரு கழிவும் ஒரே வாய்க்காலில் கலந்து பிஎச் 7க்கு இறங்கினால், கரைந்திருக்கும் சல்பைடில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வெளியேறத் தயாராகிவிடும். இன்னும் இறங்கினால் மீதியும் மாறும். காற்றைவிடச் சற்றுக் கனமான இந்த வாயு, குழியிலும் மூடிய தொட்டியிலும் தேங்கி நிற்கும்.

மூக்கின் யோக்கியதை இங்கேதான் தெரியும். காற்றின் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே அழுகிய முட்டை வாடையை அது சொல்லிவிடும். இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவு 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. ஆக, வரம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே மூக்கு கூச்சல் போடுகிறது. 100 பிபிஎம்மை நெருங்கும்போதோ முகர்வு நரம்பு மரத்துப்போய், வாடை நின்றுவிட்டதுபோல் தோன்றும். தொட்டிக்குள் இறங்கியவர் ‘இப்ப ஒண்ணும் அடிக்கலையே’ என்று சொல்வது பெரும்பாலும் அந்த நிலையில்தான். அங்கிருந்து சில நூறு பிபிஎம் ஏறினால் ஆள் சாய்ந்துவிடுவார். கார்பன் மோனாக்சைடுக்கு முதலிலிருந்தே வாடை கிடையாது.

  

மூக்கு நேர்விகிதத்திலும் அளப்பதில்லை. வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பிடித்த பிறகும், வாடை ஓரளவு குறைந்ததாகவே அது சொல்லும். புகார் நிற்காது. நிற்காத புகாருக்கு மருந்தாக வாசனைத் தெளிப்பான் வந்து சேர்கிறது. அது ஒரு மூலக்கூறைக்கூடப் பிடிப்பதில்லை. ஐரோப்பியத் தரம் இஎன் 13725 இந்தச் சிக்கலை உணர்ந்து, ஒரு குழுவில் பாதிப் பேருக்கு மட்டும் வாடை தெரியும் அளவுக்கு எத்தனை மடங்கு நல்ல காற்றைக் கலக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. குழுவினரின் மூக்கைச் சரிபார்ப்பது பியூட்டனால் வாயுவைக் கொண்டு. தொல்லையை அளக்க இது நேர்மையான வழிதான். ஆனால் நஞ்சைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. நம் தேசியக் காற்றுத் தரத்தின் 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள 12 பொருள்களில் அம்மோனியா உண்டு, ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. பட்டியலில் இல்லாத வாயுவுக்கு மூக்குதான் மீட்டர்.

வடிகட்டியின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்படும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா தாள் வழியாக வாயு மூலக்கூறு தடையின்றிப் போய்விடும். வாயுவுக்கு வேண்டியது பரப்புக் கவர்தல். ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனின் நுண்துளைச் சுவர்களை விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். அத்தனை இடம் இருந்தும், வெறும் கரி ஹைட்ரஜன் சல்பைடைச் சரியாகப் பிடிக்காது. காரம் ஏற்றிய கரி வேண்டும். அம்மோனியாவுக்கு அமிலம் ஏற்றியது வேண்டும். ஃபார்மால்டிஹைடுக்குப் பெர்மாங்கனேட் ஊட்டிய அலுமினா. காற்றில் ஈரம் மிகுந்தால் நீராவியே துளைகளை அடைத்துக்கொள்ளும். பல வாயுக்கள் கலந்து வரும்போது வேறொரு வேடிக்கை உண்டு: இறுகப் பிடித்துக்கொள்ளும் வாயு, முன்பே உட்கார்ந்திருந்த தளர்ந்த வாயுவைக் கிளப்பிவிடும். அப்போது உள்ளே போகும் அளவைவிட வெளியே வரும் அளவு சில நேரம் கூடிவிடும். தளர்ந்தது வாடையில்லாத வாயுவாக இருந்தால் இதை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

மூக்குக்கு மாற்று புதிதாகத் தேட வேண்டியதில்லை. காகித ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் தங்கள் கட்டுப்பாட்டு அறைகளில் வெகுகாலமாகச் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டு வருகின்றன. ஐஎஸ்ஏ 71.04 தரத்தின்படி 30 நாள் கழித்து எடுக்கும் தகட்டில் அரிப்புப் படலம் 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருந்தால் காற்று மென்மையானது. தோல் ஷாப்பின் மின்பலகையைத் திறந்து பார்ப்பவருக்கு இது புரியும்: உறை சீவிய கம்பி முனை கறுத்து, முனையத் திருகைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருக்கும். அந்தச் செம்பு மரத்துப்போவதில்லை. ஆனால் இந்தக் கவனிப்பு இயந்திரத்தைக் காக்கவே ஏற்பட்டது. மின்னணு அட்டைக்குத் தரப்படும் தகடு, அதே காற்றை இழுக்கும் தொழிலாளியின் பக்கத்தில் தொங்குவது அரிது.

கரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. நுண்துளை மிகுந்த நல்ல கரி தேங்காய்த் தொட்டியிலிருந்து கிடைப்பது. காங்கேயம் வட்டாரத்தில் தொட்டிக்கரி சுடுகிறார்கள். மூன்று கிலோவுக்கு மேல் தொட்டி எரிந்தால் ஒரு கிலோ கரி. புகையும், கரியை அணைக்க ஊற்றும் நீர் மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுப்பதும் அங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் புகார். ஓர் ஊரின் காற்றைச் சுத்தம் செய்யும் பொருள் இன்னோர் ஊரில் புகைந்து உருவாகிறது. பிடிக்கப் பிடிக்கக் கரி தீர்ந்துபோகும்; தீர்ந்த கரியோ, பிடித்த நஞ்சோடு மூட்டையாகக் கிடக்கிறது. 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் அதை அபாயக் கழிவு என்கின்றன.

ஆகவே ஆய்வாளர் கேட்க வேண்டியவை மூன்று: 30 நாள் தொங்கிய தகடு, புதிய கரி வாங்கிய ரசீது, தீர்ந்த கரியை அனுப்பிய ரசீது. நாள்தோறும் சல்பைடு புழங்கும் ஆலையில் இரண்டு ஆண்டாகக் கரி வாங்கிய ரசீதே இல்லையென்றால், அங்கே வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை.