கொல்லிமலைக் கறுப்புக் கல்லும் 73 வருஷக் கேள்வியும்

கொல்லிமலைன்னா உங்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கையும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு கறுப்புக் கல் ஞாபகம் வரும். மேக்னடைட். காந்தத்தோட ஒட்டிக்கற இரும்புத் தாது. அன்றைய சேலம் மாவட்டத்துல இது கிடைக்கற இடங்களை 1864-ல் கிங், ஃபூட் என்ற ரெண்டு புவியியலாளர்கள் அஞ்சு தொகுதியாப் பிரிச்சு எழுதினாங்க. அதுல ஒண்ணு கொல்லிமலைப் பக்கம்.

1939-ல் நெதர்லாந்துக்காரர் வெர்வே மேக்னடைட்டைக் குளிர்விச்சுப் பார்த்தார். சுமார் மைனஸ் 150 டிகிரியில மின்தடை திடீர்னு நூறு மடங்கு எகிறுது! தண்ணி பனிக்கட்டியாகிற மாதிரி இதுவும் ஒரு நிலைமாற்றம். அவர் விளக்கம் எளிமையானது: கல்லுக்குள்ள ஒரு வகை இடங்கள்ல இருக்கற இரும்பு அணுக்கள்ல பாதிக்கு ஒரு எலக்ட்ரான் கூடுதல். சூட்டுல அது தாவிக்கிட்டே இருக்கும், குளிர்ல வரிசையா உட்கார்ந்துடும்.

1956-ல் பிலிப் ஆண்டர்சன் இதைக் கணக்குப் போட்டார். எலக்ட்ரான்கள் ஒண்ணையொண்ணு தள்ளும். அதனால ஒவ்வொரு அணுவும் தனக்கு நேர்மாறான அணுவைத்தான் பக்கத்துல வெச்சுக்கப் பார்க்கும். ஆனா இந்த அணுக்கள் நாலு நாலா நான்முகி வடிவத்துல, முனையோட முனை கோத்து இருக்கு. நாலுமே ஒண்ணுக்கொண்ணு பக்கத்து வீடு! மூணு பேர், ரெண்டே கட்சி, யாரும் பக்கத்து வீட்டுக்காரர் கட்சியில சேரக் கூடாதுன்னா முடியுமா? ரெண்டுக்கு ரெண்டுன்னு பிரியறதுதான் அதிகபட்சம். அதுக்கே ஒவ்வொரு நான்முகியிலயும் ஆறு வழி. முழுப் படிகத்துக்கும் சேர்த்தா வழிகள் எண்ணி மாளாது, எல்லாத்துக்கும் ஒரே ஆற்றல். பக்கத்து அணுக்களோட விசை மட்டும்னா, தனிச்சுழி வெப்பநிலையிலகூட ஒரே ஒழுங்குன்னு ஒண்ணு வராது. மேலேயும் கீழேயும் காட்டற காந்த அணுக்களுக்கும் இதே கணக்குதான். பனிக்கட்டிக்கு 1935-லேயே பாலிங் போட்ட கணக்கும் இதுவே.

இந்த இழுபறிக்கு 'ஃப்ரஸ்ட்ரேஷன்'னு 1977-ல் துலூஸ் பேர் வெச்சார். என்னைக் கேட்டா, இயற்பியல்ல இவ்வளவு மனுஷத்தனமான கலைச்சொல் வேற இல்லை. 1997-ல் ஹோல்மியம் டைட்டனேட்டுல உண்மையாவே காந்தங்கள் பனிக்கட்டி விதிப்படி நடக்கறதைப் பார்த்தாங்க.

சரி, அப்போ மேக்னடைட் எந்த ஒழுங்கைத் தேர்ந்தெடுத்தது? அதுக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென், ரைட், ஆட்ஃபீல்ட் மூணு பேரும் தூசியளவு படிகத்தை எக்ஸ் கதிர்ல அலசினாங்க. வெர்வே சொன்னது ஏறக்குறைய சரி. ஆனா கூடுதல் எலக்ட்ரான் ஒரே அணுமேல உட்காரலை. வரிசையா நிக்கற மூணு இரும்பு அணுக்கள் அதைப் பங்கு போட்டுக்கிட்டிருந்தது.